பூவேலைக்கு ஒரு தாங்கி: கழுத்தும் கண்ணும் கேட்கும் கணக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், நகரை விட்டுச் சற்று நகர்ந்ததுமே அலுவிகாரை வந்துவிடும். கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று போற்றப்படும் குகை விகாரை இங்கேதான் இருக்கிறது. ஓலையும் எழுத்தாணியும் பேர் வாங்கிக் கொடுத்த அந்த ஊருக்கு, இருபதாம் நூற்றாண்டில் ஊசியும் நூலும் இன்னொரு பேரைச் சேர்த்தன. இலங்கையில் பத்திக் கலைக்கு மதிப்பைத் தேடித் தந்த ஈனா டி சில்வா (1922–2015), தம் குடும்பத்தின் ஊரான இங்கே மாத்தளை மரபுரிமை நிலையத்தை வளர்த்தெடுத்தார். சுற்றுவட்டாரப் பெண்கள் அங்கே பத்திக்கும் எம்ப்ராய்டரியும் செய்தார்கள். தச்சு வேலையும் பித்தளை வேலையும் கூடவே நடந்தன.

தச்சரும் பூவேலைக்காரரும் அடுத்தடுத்து இருந்து வேலை செய்த அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பாடம் தெரிகிறது. ஊசி வேலை செய்பவரின் உடம்பைக் காக்கும் கருவி ஊசியோ கத்தரிக்கோலோ அல்ல. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டமும், அந்தச் சட்டத்தைச் சரியான உயரத்தில் ஏந்தி நிற்கும் தாங்கியும்தான். அதைச் செய்து கொடுக்க வேண்டியவர் தச்சர்.

அலுவிகாரையிலிருந்து இன்னும் இருபது கிலோமீற்றர் அளவு வடக்கே போனால் நாலந்தா. அங்கும், அதைத் தாண்டி நாவுலை வரையிலும், பூவேலை தெரிந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே முறைதான். விறாந்தையில் கதிரை அல்லது பாய், மடியில் வளையம், அதன் மேல் கவிழ்ந்த தலை. ஒரு மணித்தியாலம் கழிந்ததும் பிடரி இறுகும். தோள்பட்டை கனக்கும். பெருவிரலடி வலிக்கும். கண் எரியும். “வயது போகுது, அதுதான்” என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் தேய்ப்பார்கள். இந்த வலிகளில் பெரும்பங்கு வயதால் வருவதில்லை. வேலைப்பொருள் இருக்கும் இடத்தால் வருகிறது. இடத்தை மாற்றினால் பாரம் மாறும் என்பது எளிய இயற்பியல்.

கவிழ்ந்த தலையின் பாரம்

வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை. நிமிர்ந்து இருக்கும்போது அந்த எடை கழுத்தெலும்புகளின் மேல் நேராக இறங்குகிறது. பிடரித் தசைகளுக்கு அதிக வேலை இல்லை. தலையைக் கவிழ்த்ததும் எடை கழுத்துக்கு முன்னால் போய்விடுகிறது. நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். எடை மாறவில்லை; அச்சிலிருந்து அதற்குள்ள தூரம் கூடிவிட்டது. விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். தலை முன்னால் போகப் போக அது வளர்கிறது. அதை எதிர்த்து இழுக்கும் பிடரித் தசைகளோ எலும்பிலிருந்து சில சென்டிமீற்றர் பின்னால் மட்டுமே பற்றியிருக்கின்றன. குறுகிய நெம்பில் இருந்துகொண்டு நீண்ட நெம்பை வெல்ல வேண்டியிருப்பதால் அவை தலையின் எடையைப் போலப் பல மடங்கு விசையோடு இழுக்கின்றன. அந்த இழுவை முழுவதும் கழுத்தெலும்புகளை ஒன்றோடொன்று அமுக்குகிறது.

2014இல் அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் இதைக் கணினி மாதிரியில் கணக்கிட்டார். தலை 15 பாகை கவிழ்ந்தால் கழுத்தின் மேல் ஏறத்தாழ 12 கிலோ, 30 பாகையில் 18, 45 பாகையில் 22, 60 பாகையில் 27 கிலோ என்று அவருக்கு விடை வந்தது. இவை ஆளின் கழுத்தில் கருவி வைத்து அளந்தவை அல்ல, மாதிரியில் கிடைத்த மதிப்புகள். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் போகும் திசை ஐயமற்றது. மடியில் வளையம் வைத்துத் தைக்கும்போது தலை 45 பாகை கவிழ்வது வெகு சாதாரணம். அந்த வளையத்தை நெஞ்சுக்குக் கீழே வரை உயர்த்தி, தைப்பவர் பக்கம் சரித்து வைத்தால், அதே தையலை 15, 20 பாகைக் கவிழ்விலேயே போட முடியும். தாங்கியின் முதல் வேலை இதுதான்.

கைக்கும் இதே கணக்கு உண்டு. மேற்கை, முன்கை, உள்ளங்கை எல்லாம் சேர்ந்த ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 3 கிலோ. வளையத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் தோள், அந்த 3 கிலோவையும் வளையத்தின் எடையையும் இடைவிடாமல் சுமக்கிறது.

அசையாமல் இருப்பதும் உழைப்பே

“உட்கார்ந்துதானே தைக்கிறாய், அதில் என்ன களைப்பு?” என்று வீட்டில் கேட்பதுண்டு. உடலியல் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. நடக்கும்போது ஒரு தசை சுருங்கும், பின் தளரும். தளரும் ஒவ்வொரு முறையும் புது இரத்தம் உள்ளே பாயும். ஒரே நிலையில் பிடித்துக்கொண்டிருக்கும் தசைக்குத் தளர்ச்சி கிடையாது. உள்ளே அழுத்தம் கூடி நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. பிராணவாயு குறைகிறது, கழிவு தேங்குகிறது, வலி பிறக்கிறது.

ஒரு தசை தன் முழு வலுவில் 15 சதவீதத்துக்குள் மட்டும் வேலை செய்தால் களைக்காமல் நீடிக்கும் என்று 1960இல் ஜெர்மனியின் வால்டர் ரோமர்ட் சொன்னார். நாள் முழுவதும் நீளும் வேலைக்கு அந்த எல்லை மிக அதிகம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. சுவீடனின் யோரன் ஹெக் 1991இல் இன்னொரு கோணத்தைத் திறந்தார். தசைக்குள் சிறு நார்க்கூட்டங்களும் பெரிய நார்க்கூட்டங்களும் உண்டு. மெல்லிய வேலைக்கு முதலில் எழுப்பப்படுபவை சிறியவை. பாரம் கூடும்போதுதான் பெரியவை சேரும். வேலை முடியும் வரை சிறியவைக்கு ஓய்வே இல்லை. எல்லோருக்கும் முன் எழுந்து எல்லோருக்கும் பின் உறங்கும் கதைநாயகியின் பேரால் அதைச் சிண்ட்ரெல்லா கருதுகோள் என்கிறார்கள். பாரம் குறைவு, களைப்பு அதிகம் என்னும் புதிருக்கு அது ஒரு விளக்கம் தருகிறது. பூவேலை இந்த வகை உழைப்புக்குச் சரியான எடுத்துக்காட்டு.

கையில் வளையம் பிடிப்பதில் பெருவிரலுக்கு வேறொரு தொல்லை உண்டு. துணி தளராதபடி விளிம்பைக் கிள்ளிப் பிடித்தே இருக்க வேண்டும். பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து வலிப்பதை சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895இல் விவரித்தார். நோய்க்கு இன்றும் அவர் பேர்தான். கிள்ளிப் பிடிப்பும் மணிக்கட்டைத் திருப்புவதும் ஓயாமல் நடக்கும் வேலைகளில் அந்த வலி கிளறப்படுகிறது.

தொழிலே நோய் தரும் என்பதை மருத்துவம் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் தையற்காரரின் இருக்கையையும், நுண்வேலை செய்வோரின் கண்களையும் தனித்தனியே கவனித்தார். மூன்று நூற்றாண்டு ஆகியும் வீட்டில் தைக்கும் பெண்ணின் உடம்பை அந்தக் கவனம் போதுமான அளவு எட்டவில்லை.

இரண்டு கையும் விடுபட்டால்

சட்டத்தைத் தாங்கி பிடித்துக்கொண்டால் தைப்பவருக்கு இன்னொரு கை கிடைக்கிறது. வேலைப்பாட்டில் பெரிய மாற்றம் இங்கேதான் நிகழ்கிறது. ஒரு கை துணிக்கு மேலே, மறு கை துணிக்குக் கீழே. மேற்கை ஊசியைச் செங்குத்தாக இறக்குகிறது. கீழ்க்கை வாங்கித் திருப்பி அனுப்புகிறது. ஒரே கை மேலும் கீழும் அலைய வேண்டியதில்லை. மணிக்கட்டு முறுக வேண்டியதில்லை. ஊசி சாயாமல் இறங்குவதால் தையலும் ஒரே அளவில் விழுகிறது.

சில வேலைகள் தாங்கி இல்லாமல் நடக்கவே மாட்டா. தமிழ்நாட்டில் இன்று கல்யாண ரவிக்கைகளை ஆளும் ஆரி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கி முனை கொண்ட ஆரி ஊசியை மேற்கை துணிக்குள் இறக்கும். துணிக்கு அடியில் நூலோடு காத்திருக்கும் கீழ்க்கை அந்தக் கொக்கியில் நூலை மாட்டும். ஊசி மேலே வரும்போது ஒரு சங்கிலிக் கண்ணி பிறக்கும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் சட்டத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால்தான் ஆரி வகுப்புக்குப் போகிறவர் ஊசி வாங்கும்போதே ஆரி ஸ்டாண்டும் வாங்குகிறார். லக்னோ, பரேலி பக்கத்து சர்தோசிக் கலைஞர்கள் கார்சோப் என்னும் நீண்ட மரச்சட்டத்தைத் தரையை ஒட்டிய உயரத்தில் நிறுத்தி, சுற்றிலும் பலராக அமர்ந்து தைக்கிறார்கள். இலங்கையின் தெற்கே காலி, வெலிகமப் பக்கத்துப் பீரலு லேஸ் பின்னுவோரும் இதே தேவைக்கு வேறு விடை கண்டார்கள். உருளை பதித்த மெத்தை ஒன்று வேலையை ஏந்திக்கொள்ள, இரு கைகளும் நூற்கட்டைகளை மாற்றி மாற்றி வீசுகின்றன.

கொக்கி ஊசிச் சங்கிலித் தையல் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மாளிகைகளில் புது மோகமானபோது சட்டமும் கூடவே போனது. பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா ஊபர் துருவே 1763–64இல் வரைந்த மதாம் து பொம்பதூரின் பெரிய ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அரசவையில் அத்தனை செல்வாக்கோடு இருந்த அந்த அம்மையார் அதில் ஒரு பூவேலைச் சட்டத்தின் முன் அமர்ந்திருக்கிறார். சட்டத்தைக் கையில் பிடித்திருக்கவில்லை. தைப்பவரின் கையை விடுவிப்பது வேலையின் தேவை என்று அப்போதே அறிந்திருந்தார்கள்.

எல்லா ஊசி வேலைக்கும் தாங்கி வேண்டும் என்பதும் இல்லை. நீலகிரித் தோடர் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூல்களால் கெட்டியான வெள்ளைத் துணியில் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் சட்டம் எதுவும் வைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி, துணியைக் கையில் மடித்து வளைத்து, ஊசியை ஒரே வீச்சில் இழைகளுக்கு இடையே நுழைத்து எடுக்கிறார்கள். துணி தளர்ந்திருந்தால்தான் அந்த வீச்சு முடியும். வங்காளத்துக் காந்தாவின் ஓட்டுத் தையலும் அப்படியே. ஊசியைக் குத்தி இறக்கும் வேலைக்கே தாங்கி. துணியை மடித்து ஓட்டும் வேலைக்கு அது இடைஞ்சல். வாங்குவதற்கு முன் உங்கள் தையல் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம், சரிவு, தூரம்

கடையில் தாங்கிகளைப் பார்த்துவிட்டு உடம்பைப் பொருத்துவது தலைகீழ் முறை. முதலில் உடம்பை அளக்க வேண்டும்.

நீங்கள் தைக்கும் கதிரையிலேயே பாதம் தரையில் படிய, முதுகு சாய்ந்திருக்க அமருங்கள். தோளிலிருந்து முழங்கை வரையான பகுதியை உடலோடு ஒட்டி, முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை இன்னொருவர் அளக்கட்டும். நுண்ணிய வேலை முழங்கையை விட 5 முதல் 10 சென்டிமீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பணிச்சூழலியலின் வழமையான பரிந்துரை. கதிரை 42 சென்டிமீற்றர், அதிலிருந்து முழங்கை 22 என்றால் மொத்தம் 64. சட்டத்தின் நடு 70 சென்டிமீற்றர் உயரத்தில் வர வேண்டும்.

இந்த அளவு கீழ்க்கைக்கும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். 42 சென்டிமீற்றர் கதிரையில் அமர்ந்தவரின் தொடை மேற்பரப்பு ஏறத்தாழ 57இல் இருக்கும். 70க்கும் 57க்கும் இடையே 13 சென்டிமீற்றர் கிடைக்கிறது. கீழ்க்கை ஊசியை வாங்கித் திருப்ப அது போதும். மடியில் வளையம் வைப்பவருக்கு இந்த இடைவெளியே கிடையாது. அதனால்தான் அவர் ஒற்றைக் கையால் தைக்கிறார்.

பாயில் அமர்ந்து தைப்பவருக்கு எண்கள் மாறும், முறை மாறாது. சம்மணமிட்டு அமர்ந்து தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, 5 முதல் 10 சென்டிமீற்றர் கூட்டிக்கொள்ளலாம். முதுகுக்குச் சுவரோ தூணோ இருக்கட்டும். சாய்மானம் இல்லாமல் தரையில் இருப்பவருக்கு எவ்வளவு நல்ல தாங்கியும் பாதிப் பயனே தரும்.

அடுத்தது சரிவு. துணி பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால்தான் கண்ணுக்கு அதன் உண்மையான அளவு தெரியும். குறுக்குத் தையலுக்குப் பழகியவர்கள் வாங்கும் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் என்றால் ஒரு கட்டம் 1.8 மில்லிமீற்றர். கிடையாகக் கிடக்கும் துணியை 45 பாகைச் சாய்வில் பார்த்தால் அந்தக் கட்டம் ஒரு பக்கம் சுருங்கி 1.3 மில்லிமீற்றராகவே தெரியும். துணி தொலைவுக்குப் போகாமலேயே கட்டம் சிறுத்துவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் நம்மை அறியாமல் தலை இன்னும் கவிழ்கிறது. சட்டத்தைத் தைப்பவர் பக்கமாக 30 பாகை அளவு சரித்தால் கட்டம் விரியும், கழுத்து நிமிரும். ஆகவே சரிவை மாற்ற முடியாத தாங்கி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவது தூரம். கண்ணுக்கு வேண்டிய குவிப்பு வலுவை டையாப்டரில் சொல்வார்கள். 1ஐ மீற்றரில் உள்ள தூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 40 சென்டிமீற்றர் தூரத்துக்கு 2.5 டையாப்டர். 25 சென்டிமீற்றருக்கு 4. 20க்கு 5. துணியை நெருக்கமாக இழுக்க இழுக்கக் கண்ணுக்குள் உள்ள பிசிர்த்தசை இறுகிக்கொண்டே போகிறது. நாற்பதைத் தாண்டியதும் கண் வில்லை விறைத்து, எவ்வளவு இறுக்கினாலும் வலு கூடாத நிலை வருகிறது. அதுவே வெள்ளெழுத்து.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வாசிப்புக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கானது. வெள்ளெழுத்து முற்றிய ஒருவருக்கு 2.5 டையாப்டர் கண்ணாடி 40 சென்டிமீற்றரில் தெளிவு தரும்; 60 சென்டிமீற்றரில் தராது. தாங்கியை 55இல் வைத்துவிட்டு, 35க்கான கண்ணாடியைப் போட்டால் தலை தானாக முன்னால் போய் அந்த 35ஐத் தேடும். தாங்கியால் கிடைத்த பயன் அங்கேயே போய்விடும். தாங்கியைப் பொருத்திய பிறகு, கண்ணிலிருந்து துணி வரை அளவு நாடாவால் அளந்து, அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

வெளிச்சமும் தூரத்தோடு கட்டுப்பட்டது. சிறு விளக்கின் ஒளி, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 80 சென்டிமீற்றரில் உள்ள விளக்கை 40க்குக் கொண்டுவந்தால் துணியில் நான்கு மடங்கு ஒளி. புது விளக்கு வாங்குவதை விடப் பழைய விளக்கை நகர்த்துவது மலிவு. வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு ஒளி இடப்பக்கத் தோளுக்கு மேலிருந்து வந்தால் ஊசியில் கையின் நிழல் விழாது. பகலில் யன்னலுக்கு இடப்பக்கம் காட்டி அமர்ந்தாலே போதும்.

ஆடாத தாங்கி எப்படி இருக்கும்?

நாலந்தாவின் பெருமை அங்குள்ள கெடிகே. பல்லவக் கட்டடக்கலையின் சாயலோடு, இந்துக் கோயில் அமைப்பில், 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையே எழுந்த பௌத்தக் கற்றளி அது. மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததால், கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் திரும்ப அடுக்கி, 1980இல் நிறுவினார்கள். மேலே எத்தனை கல் ஏறினாலும் மொத்த எடையின் மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அகன்ற அதிட்டானத்துக்குள் விழும் வரை கட்டடம் சாயாது. கற்றளிக்கும் தையல் தாங்கிக்கும் இந்த விதி ஒன்றே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாங்கியின் எடை 4 கிலோ. அதன் எடைமையம் முன்கால் விளிம்பிலிருந்து 15 சென்டிமீற்றர் உள்ளே. 4ஐ 15ஆல் பெருக்க 60. இதுவே சாயாமல் பிடிக்கும் பலம். சட்டமும் துணியும் 800 கிராம். அவை விளிம்புக்கு 30 சென்டிமீற்றர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 0.8ஐ 30ஆல் பெருக்க 24. நிற்கும். தைக்கும் கை ஒரு கிலோ அளவு அதன் மேல் அழுத்தினால் இன்னும் 30 கூடி 54. விளிம்பில் தள்ளாடும். கொஞ்சம் கூட அழுத்தினால் கவிழும்.

இதற்கு இரண்டு வழி. தாங்கியின் பாதங்களை நீட்டி, சட்டத்துக்கு நேர் கீழே, கதிரைக் கால்களுக்கு இடையில் வரும்படி செய்வது ஒன்று. அப்போது நீட்டமே பெரும்பாலும் மறைந்துவிடும். முடியாவிட்டால் பின்பக்கப் பாதத்தின் மேல் இரண்டு கிலோ மணலைத் துணிப்பையில் கட்டி வைக்கலாம். விளிம்பிலிருந்து 20 சென்டிமீற்றர் உள்ளே வைத்தால் 40 கூடி, 60 என்பது 100 ஆகிறது. கடையில் பார்க்கும்போது சட்டத்தின் முன்விளிம்பில் கையை ஊன்றி அழுத்துங்கள். பின்பாதம் தரையை விட்டு எழுந்தால் அதை வாங்க வேண்டாம்.

கவிழாமல் நின்றாலும் அதிரும் தாங்கி உண்டு. ஒவ்வொரு குத்துக்கும் சட்டம் துள்ளினால் கண் அதைத் துரத்தித் துரத்திக் களைக்கும். ஒரு முனையில் மட்டும் பிடிபட்டு நீண்டிருக்கும் கையின் வளைவு, அதன் நீளத்தின் மும்மடியில் வளர்கிறது. கையின் நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்கு. வளையும் திசையில் கட்டையின் கனத்தை இரட்டித்தாலும் எட்டில் ஒரு பங்கே. அதனால் ஒற்றைக் கை நீண்ட தாங்கியை விட, சட்டத்தை இரு பக்கமும் பிடிக்கும் இரட்டைத் தூண் தாங்கி பெரிய துணிக்கு உறுதி. ஒற்றைக் கை வேண்டும் என்றால் குட்டையாகவும் கனமாகவும் இருக்கட்டும்.

மூட்டுகளைத் தனியாகப் பாருங்கள். சரிவைப் பிடித்து வைப்பது உராய்வு. திருகை இறுக்கும்போது ஒன்றோடொன்று அழுந்தும் வட்டத் தட்டுகள் எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிமானம். சின்ன வாஷர் போட்ட மூட்டு, எத்தனை இறுக்கினாலும் மாலைக்குள் இறங்கிவிடும். அகன்ற மரத்தட்டுக்கு நடுவே தோலோ ரப்பரோ வைத்த மூட்டு நிற்கும். கருவி எதுவும் தேடாமல் விரலாலேயே இறுக்கித் தளர்த்தும் திருகு நல்லது. மாற்றுவது எளிதாக இருந்தால்தான் நாம் மாற்றுவோம்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரக்காற்றில் மரம் ஊதும், வரட்சியில் சுருங்கும். ஆனால் நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில்தான் அதிகம். ஒக்டோபர் தொடங்கிப் பெய்யும் மழைக்காலத்தில் நாலந்தாவில் இறுகிப்போகும் மூட்டு, மழை ஓய்ந்த பின் தளர்வது இதனாலேயே. காலத்துக்குக் காலம் திருகைப் பார்க்க வேண்டும். தேக்கு இந்த ஊதல் சுருங்கலில் நிதானமான மரம். நன்கு உலர்ந்த பலாவும் நம் வீடுகளில் தலைமுறை கடந்து உழைக்கிறது. பச்சை மரத்தில் செய்தால் முதல் வரட்சியிலேயே முறுக்கிக்கொள்ளும். தச்சரிடம் கேட்க வேண்டியது மரத்தின் பேரை விட அது உலர்ந்த காலத்தை.

பருத்தித் துணியும் காற்றின் ஈரத்தை வாங்கி விடுகிறது. காலையில் இறுக்கிக் கட்டிய துணி பிற்பகலில் தொய்ந்தால் அது உங்கள் கைக்குறை இல்லை. சட்டத்தின் உருளையைத் திருப்பி மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம். அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. இழைகள் விரிந்த நிலையில் போட்ட தையல், சட்டத்திலிருந்து கழற்றியதும் துணியைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். வேலை முடிந்த இரவில் வளையத்தைத் தளர்த்தி வைத்தால் துணியில் தழும்பு விழாது.

யாருக்கு எது?

இடமும் பணமும் குறைவு, சிறு துணி என்றால் மேசை விளிம்பில் இறுக்கும் கவ்வுத் தாங்கி போதும். மேசையே அதன் அடித்தளம் என்பதால் கவிழாது. மேசை உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பது ஒன்றே கேள்வி. தைக்க ஊருக்கு ஊர் எடுத்துப் போகிறவர்களுக்கு, தட்டைப் பலகையின் மேல் அமர்ந்துகொண்டால் நம் எடையாலேயே நிற்கும் இருக்கைத் தாங்கி நல்லது. ஆனால் அதன் உயரத்தைக் கூட்டக் குறைக்க இடம் இருக்க வேண்டும். வீட்டில் ஒரே இடத்தில் நாளும் இரண்டு மூன்று மணித்தியாலம் தைப்பவர், ஆரி வேலையை வருமானமாகக் கொண்டவர், சேலை முந்தானை போன்ற பெரிய துணியில் வேலை செய்பவர் எல்லோருக்கும் தரையில் நிற்கும் இரட்டைத் தூண் தாங்கியே சரி.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். செலவில்லாதது. வளையத்தைப் புத்தக அடுக்கின் மேலோ, மேசை விளிம்பில் தலையணையின் மேலோ சரித்து வைத்து, அளந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம் தைத்துப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறினால் உயரம் அதிகம். தலை முன்னால் போனால் உயரம் குறைவு, அல்லது தூரம் அதிகம், அல்லது கண்ணாடி பொருந்தவில்லை. தோளும் கழுத்தும் இரண்டும் சும்மா இருந்தால் அந்த அளவை எழுதிவைத்துக் கொண்டு தச்சரிடமோ கடைக்கோ போங்கள்.

தாங்கி வந்துவிட்டது என்று எழுந்திருக்காமல் தைப்பதும் ஆபத்து. மிகச் சரியான நிலையும் நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் தீங்கான நிலைதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்தி, ஆறு மீற்றருக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள். கண் சிமிட்டுங்கள். நுண்வேலையின்போது சிமிட்டல் குறைந்து கண் உலர்கிறது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, வீட்டில் உள்ள மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். வயலுக்குப் போகிறவருக்கு மண்வெட்டி வாங்குவதை நாம் செலவாக நினைப்பதில்லை. தச்சருக்கு உளி இருக்கிறது. வீட்டில் பூவேலை செய்யும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும் மடியே போதும் என்று விட்டுவிட்டோம். அந்தப் பூவேலை பல வீடுகளில் அடுப்பையும் எரிக்கிறது, பிள்ளையையும் படிக்க வைக்கிறது. ஓர் அளவு நாடாவும், உலர்ந்த மரத்துண்டுகளும், ஊர்த் தச்சரின் ஒரு நாள் வேலையும் அவர்களின் கழுத்துக்குப் பல ஆண்டு நிம்மதியைத் தரும். இந்த வாரமே அவர்கள் தைக்கும்போது அருகில் போய் நின்று, தலை எவ்வளவு கவிழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு நாடாவை எடுத்து அளந்து கொடுங்கள்.